மஸ்டாங் ஜிடிக்கு எந்த இன்டேக்? சென்னையிலிருந்து ஒரு கணக்கு

தெரிந்த தம்பி ஒருவர் 2017 மாடல் ஃபோர்டு மஸ்டாங் ஜிடி ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினார். வண்டி வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் எனக்குப் போன் வந்தது. “அண்ணே, கோல்ட் ஏர் இன்டேக் மாத்தலாம்னு இருக்கேன். கே அண்ட் என், ரவுஷ், ஜேஎல்டி மூணு கம்பெனி கிட்டையும் பார்த்து வச்சிருக்கேன். எதுன்னு சொல்லுங்க, இன்னைக்கே ஆர்டர் போட்டுடறேன்” என்றார். “ஒரு வாரம் பொறு தம்பி, முதல்ல வண்டியைக் கொண்டு வா” என்றேன். கோல்ட் ஏர் இன்டேக் என்பது எஞ்சினுக்குக் குளிர்ந்த வெளிக்காற்றைக் கொண்டுபோகும் ஃபில்டரும் குழாயும் சேர்ந்த செட். அந்த ஒரு வாரத்தில் நாங்கள் பார்த்ததும் பேசியதும் இதே கேள்வியோடு இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் நம் ஊருக்கு வந்த வண்டியைப் பற்றி. மஸ்டாங் ஜிடி 2016 ஜூலையில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. 5.0 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின், ஆறு கியர் ஆட்டோமேட்டிக், 401 பிஎஸ் (பிஎஸ், எச்பி இரண்டும் குதிரைத்திறன் அளவுதான், ஏறக்குறைய சமம்). அமெரிக்காவில் அதே எஞ்சினுக்கு 435 எச்பி. இன்டேக் கிட் தயாரிப்பவர்கள் எல்லோரும் அந்த அமெரிக்க வண்டியையும் அங்கே கிடைக்கும் பெட்ரோலையும் மனதில் வைத்துத்தான் செய்கிறார்கள். விளம்பரத்தில் வரும் எச்பி கணக்கும் அங்கே எடுத்ததுதான். அதை அப்படியே நம் வண்டிக்குக் கூட்டிப் பார்க்கக் கூடாது.

பானட்டைத் திறந்து பார்த்தால் ஒரு விஷயம் உடனே புரியும். கம்பெனியிலிருந்தே வந்த ஏர் பாக்ஸ், அதாவது ஏர் ஃபில்டர் இருக்கும் பெட்டி, வண்டியின் முன் ஓரத்தில், ஹெட்லைட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. காற்றை எஞ்சின் பக்கமிருந்து இழுப்பதில்லை, கிரில்லின் பின்னாலிருந்து இழுக்கிறது. மூடி போட்ட பெட்டி. அதாவது இந்த வண்டியில் கோல்ட் ஏர் இன்டேக் ஏற்கெனவே இருக்கிறது. பழைய வண்டிகள் பலவற்றில் ஃபில்டர் எஞ்சினுக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும், கொதிக்கிற காற்றைத்தான் உறிஞ்சும். அப்படிப்பட்ட வண்டிக்கு வெளிக்காற்றைக் கொண்டுவரும் குழாய் ஒன்றைப் போட்டபோது நல்ல பலன் இருந்தது. அந்தக் காலத்துப் புகழ்தான் இன்னும் இந்தப் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

குளிர்ந்த காற்று ஏன் வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. 5.0 லிட்டர் எஞ்சின் 6,500 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்குச் சுமார் 16,250 லிட்டர் காற்றை விழுங்கும். நொடிக்கு 270 லிட்டர். நாம் வீட்டில் வாங்கும் 20 லிட்டர் தண்ணீர் கேன் பதின்மூன்றரையை ஒரே நொடியில் காலி செய்வது போல. அந்தக் காற்று 35 டிகிரியில் இல்லாமல் 60 டிகிரியில் உள்ளே போனால் அதன் அடர்த்தி சுமார் ஏழரை சதவீதம் குறைந்துவிடும். காற்று மெலிந்தால் எரிக்கக்கூடிய பெட்ரோலும் குறையும். அதோடு நிற்பதில்லை. சூடான காற்றில் நாக்கிங் (பெட்ரோல் கலவை தாறுமாறாக வெடிப்பது) வரும் என்பதால், ஈசியூ எனும் எஞ்சின் கம்ப்யூட்டர் இக்னிஷன் டைமிங்கையும், அதாவது ஸ்பார்க் வரும் நேரத்தையும், பின்னுக்கு இழுக்கும். ஆக, நம் ஊரில் ஒரு இன்டேக்கைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எவ்வளவு காற்று விடும் என்பதல்ல. எவ்வளவு சூட்டை உள்ளே விடாமல் தடுக்கும் என்பது.

சரி, கம்பெனி பெட்டி காற்றை எவ்வளவு தடுக்கிறது? இதை அளக்க டைனோ (வண்டியின் சக்தியை அளக்கும் மெஷின்) வேண்டியதில்லை. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டியூப் ஒன்றரை மீட்டர், கொஞ்சம் மஞ்சள் கலந்த தண்ணீர், ஒரு ஸ்கேல், ஒரு பலகை இருந்தால் போதும். ஃபில்டருக்கும் திராட்டில் பாடிக்கும் (எஞ்சினுக்குள் போகும் காற்றைத் திறந்து மூடும் வாய்) நடுவில் இருக்கும் குழாயிலிருந்து, எஞ்சின் சத்தத்தைக் கேபின் பக்கம் கொண்டுபோக ஒரு சவுண்ட் டியூப் பிரிகிறது. அதைக் கழற்றி, அந்த வாயை நன்றாக அடைத்து, அடைப்பில் ஒரு சின்ன நிப்பிள் வைத்து, ‘யு’ போல வளைத்த நம் டியூபின் ஒரு முனையை அதில் மாட்டினோம். மறுமுனை திறந்தே இருக்கும். குழாயில் தடையால் அழுத்தம் குறைந்தால் அந்தப் பக்கத் தண்ணீர் மேலே ஏறும். இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஒரு நாள் ஓட்டக் கிடைத்தபோது அவர் ஓட்ட, நான் பலகையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். மெதுவாகப் போகும்போது தண்ணீர் அசையவே இல்லை. நேர்ப் பாதையில் முழு ஆக்சிலேட்டர் கொடுத்து 6,500ஐ நெருங்கியபோது இரண்டு பக்கத்துக்கும் இடையில் சுமார் 20 சென்டிமீட்டர் வித்தியாசம் வந்தது.

பத்து சென்டிமீட்டர் தண்ணீர் என்பது ஏறக்குறைய ஒரு கிலோபாஸ்கல், அதாவது வளிமண்டல அழுத்தத்தில் ஒரு சதவீதம். ஆக, பெட்டி, ஃபில்டர், குழாய் எல்லாம் சேர்ந்து இரண்டு சதவீதம் தடுக்கிறது. இதை முழுவதுமாகத் தூக்கி எறிந்து, தடையே இல்லாத ஒன்றை மாட்டினாலும் 401 பிஎஸ்ஸில் கிடைக்கக்கூடியது எட்டு பிஎஸ் அளவுதான். தடையே இல்லாத இன்டேக் உலகத்தில் கிடையாது என்பதால் நிஜத்தில் நான்கைந்து கிடைக்கலாம். டைனோவில் ஒரே வண்டியை அடுத்தடுத்து இரண்டு முறை ஓட்டினாலே அந்த அளவு வித்தியாசம் சாதாரணமாக வரும்.

இது என் கணக்கு மட்டும் இல்லை, ஃபோர்டு காட்டியதும் இதைத்தான். 2015 முதல் 2017 வரையிலான ஜிடிக்கு ஃபோர்டு பெர்ஃபார்மன்ஸ் பிரிவே பவர் பேக் என்று மூன்று செட் விற்றது. முதல் செட்டில் பெட்டி கம்பெனி பெட்டிதான். அதற்குள் வைக்கும் கே அண்ட் என் பேனல் (தட்டை) ஃபில்டரும் ஈசியூவுக்கு ஒரு ட்யூனும் (பெட்ரோல், டைமிங் கணக்கைத் திருத்திய ஃபைல்) மட்டுமே. அதற்கு 13 எச்பி கூடும் என்றார்கள். இரண்டாவது செட்டில் திறந்த வகை (மூடிய பெட்டிக்குள் இல்லாத) ஃபில்டர், 87 மில்லிமீட்டர் திராட்டில் பாடி, அதற்கேற்ற ட்யூன். கூடுதல் 21 எச்பி. அதாவது இன்டேக்கையும் திராட்டில் பாடியையும் மாற்றியதற்குத் தனியாக வந்தது எட்டு. மூன்றாவது செட்டில், மஸ்டாங்கின் வேகமான வகையான ஷெல்பி ஜிடி350யின் இன்டேக் மேனிஃபோல்டும் (காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் பாகம்) சேர்ந்தது, 37 எச்பி. பிறகு 2019 மாடலாக வந்த மஸ்டாங் புல்லிட்டையும் பாருங்கள். சாதாரண ஜிடியின் 460 எச்பி, புல்லிட்டில் 480. அந்த இருபதுக்காக ஃபோர்டு திறந்த வகை இன்டேக், ஜிடி350 மேனிஃபோல்ட், 87 மில்லிமீட்டர் திராட்டில் பாடி, புது ஈசியூ கணக்கு என்று நான்கையும் சேர்த்துப் போட வேண்டியிருந்தது. இன்டேக்கை மட்டும் மாட்டி இருபது எச்பி என்று யார் சொன்னாலும் நான் நம்புவதில்லை.

இதைச் சொன்னதும் தம்பி, “அப்போ அந்த 13 எச்பி ட்யூனை நாமளும் ஏத்திடலாமே அண்ணே” என்றார். இங்கே ஒரு குழி இருக்கிறது, பலர் விழுகிறார்கள். அந்த ட்யூன் 91 ஆக்டேன் பெட்ரோலுக்கானது. நம் பங்க்கில் பல வருஷம் போட்ட சாதாரண பெட்ரோலும் 91தானே என்று நினைத்துவிடுவோம். அமெரிக்க பங்க்கில் எழுதியிருப்பது வேறு அளவை. அங்கே 91 என்றால், நாம் ஆக்டேனுக்குப் பயன்படுத்தும் ஆர்ஓஎன் கணக்கில் 95, 96க்குச் சமம். ஆக அந்த மாதிரி ட்யூனுக்கு இங்கே குறைந்தது 95 ஆர்ஓஎன் பெட்ரோல் ஊற்ற வேண்டும். அதைவிடக் குறைந்த பெட்ரோலில் ஓட்டினால் நாக்கிங் சென்சார் டைமிங்கை இழுத்து இழுத்து, கூட்டியதை எல்லாம் கழித்துவிடும். அப்புறம், இந்தியாவுக்கு வந்த வண்டியின் ஈசியூ கணக்கே வேறு. அமெரிக்க வண்டிக்கு எழுதிய ஃபைலை அப்படியே ஏற்றக் கூடாது. இந்த வண்டியிலிருந்து எடுத்த ஃபைலை, இங்கே ஊற்றும் பெட்ரோலில், லாக் (ஓடும்போது பதிவாகும் சென்சார் எண்கள்) எடுத்துப் பார்த்து மாற்றத் தெரிந்த ட்யூனர் வேண்டும்.

இனி ஒவ்வொரு வகையாகப் பார்ப்போம்.

ட்யூன் கட்டாயமான பெரிய குழாய்க் கிட்டுகளை நான் உடனே ஒதுக்கினேன். ஜேஎல்டி இரண்டு வகையும் செய்கிறது, ட்யூன் வேண்டாதது, ட்யூன் கட்டாயமானது. இரண்டாவது வகையில் என்ன பிரச்சினை என்று புரிந்துகொள்வது நல்லது. உள்ளே போகும் காற்றின் அளவைச் சொல்லும் மாஃப் சென்சார், குழாயில் போகும் மொத்தக் காற்றையும் அளப்பதில்லை. தன்னைத் தொட்டுப் போகும் காற்றை மட்டும் பார்த்து, குழாயின் விட்டம் இவ்வளவு என்ற கணக்கில் மொத்தத்தையும் ஊகிக்கிறது. குழாயைப் பெரிதாக்கினால் அதே காற்று மெதுவாகப் போகும், சென்சார் குறைத்துச் சொல்லும், ஈசியூ பெட்ரோலைக் குறைக்கும். கொஞ்ச நாளில் பி0171, பி0174 என்று லீன் கோடுகளோடு (காற்றுக்குப் பெட்ரோல் போதவில்லை என்ற பிழைக் குறிகள்) செக் எஞ்சின் விளக்கு எரியும். ட்யூனோடு போட்டால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் வண்டியை விற்கவோ கம்பெனி நிலைக்குத் திருப்பவோ நினைக்கும்போது பெட்டி, ட்யூன் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். டிராக்குக்கென்றே வைத்திருக்கும் வண்டிக்கு இது சரி. தினமும் ஓஎம்ஆரில் ஓடும் வண்டிக்கு வேண்டாம்.

அடுத்து திறந்த கோன் வகை. கே அண்ட் என் கிட் இந்த ரகம். பெரிய கூம்பு ஃபில்டர், சுற்றி ஒரு ஹீட் ஷீல்டு, மேலே மூட பானட். ட்யூன் வேண்டாம். இந்த மாதிரி ஒன்று மாட்டிய இன்னொரு நண்பரின் ஜிடியும் தம்பியின் வண்டியும் ஒருநாள் மதியம் சோழிங்கநல்லூர் வரை சேர்ந்தே போயின. இரண்டிலும் ஓபிடி டாங்கிள் (வண்டியின் சென்சார் எண்களைப் போனுக்கு அனுப்பும் சின்னக் கருவி) மாட்டி, போனில் இன்டேக் காற்றின் வெப்பநிலையை மட்டும் பார்த்துக்கொண்டு போனோம். வெளியே 36 டிகிரி. சாலையில் எண்பதில் போகும்போது இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். சிக்னலில் நின்றதும் கோன் போட்ட வண்டி ஏறத் தொடங்கியது. மூன்றாவது சிக்னலில் 60ஐத் தாண்டியது. கம்பெனி பெட்டியும் ஏறத்தான் செய்தது, ஆனால் 50ஐ ஒட்டியே நின்றுவிட்டது. பச்சை விழுந்து மிதித்தபோது அந்த வித்தியாசம் காலிலேயே தெரிந்தது. கோன் போட்ட வண்டி முதல் சில நொடிகள் மந்தமாகக் கிளம்பியது, காற்று ஓட்டம் வந்த பிறகுதான் சுதாரித்தது. நம் நகர ஓட்டத்தில் வண்டி பாதி நேரம் நின்றுகொண்டுதான் இருக்கிறது. அந்தப் பாதி நேரத்தைக் கணக்கில் எடுக்காமல் இன்டேக் வாங்கக் கூடாது.

டைனோ படங்களில் இந்தச் சூடு ஏன் தெரிவதில்லை என்றால், அங்கே பானட்டைத் திறந்து வைத்து எதிரே பெரிய ஃபேன் ஓடவிடுகிறார்கள். திறந்த கோனுக்கு அதைவிட வசதியான இடம் வேறு இல்லை.

மூடிய பெட்டி வகைதான் தம்பியின் பட்டியலில் இல்லாதது, நான் சேர்த்தது. ஏஎஃப்ஈ மொமென்டம் ஜிடி இதற்கு நல்ல உதாரணம். கூம்பு ஃபில்டர் முழுக்க மூடிய பெட்டிக்குள் இருக்கும், உள்ளே பார்க்க ஒரு கண்ணாடி போன்ற ஜன்னல் உண்டு. எண்ணெய் தடவிய ஃபில்டர், எண்ணெய் இல்லாத உலர் ஃபில்டர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். ட்யூன் தேவையில்லை. ரவுஷ் கிட்டுக்கும் ட்யூன் தேவையில்லைதான். ஆனால் எந்த கம்பெனியாக இருந்தாலும் பெட்டி எவ்வளவு மூடியிருக்கிறது, காற்று எடுக்கும் வாய் கிரில் பக்கம் சரியாகப் பொருந்துகிறதா என்பதைப் பார்த்தே வாங்க வேண்டும். இந்தக் கிட்டுகளின் விலை அமெரிக்காவிலேயே சில நூறு டாலர். கப்பல் செலவும் சுங்கமும் மேலே வரும்.

கடைசி வகை, கம்பெனி பெட்டியை வைத்துக்கொண்டு ஃபில்டரை மட்டும் மாற்றுவது. விலை கிட்டில் ஐந்தில் ஒரு பங்குதான். சூடு, மழை, இன்சூரன்ஸ் என்று எந்தப் புதுத் தலைவலியும் இல்லை. பலன் சின்னதுதான், ஆனால் கெடுதல் எதுவும் வராது.

ஃபில்டர் துணியைப் பற்றி இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் எச்பியைவிட இதுதான் எஞ்சினின் ஆயுளோடு சம்பந்தப்பட்டது. அதிகக் காற்று விடும் ஃபில்டர், பொதுவாக நுண்ணிய தூசியையும் கொஞ்சம் அதிகமாக விடும். நம் சாலைத் தூசியில் மணல் பொடி கலந்திருக்கிறது. அது சிலிண்டர் சுவரையும் பிஸ்டன் ரிங்கையும் மெல்ல மெல்லத் தேய்க்கும். மெட்ரோ வேலை நடக்கும் சாலைகளில் தினமும் போகிறவர்கள் இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டரில் இன்னொரு ஆபத்து, கழுவிய பிறகு எண்ணெய் எவ்வளவு விடுகிறோம் என்பது. எனக்கே நடந்தது. முன்பு வைத்திருந்த வண்டியின் ஃபில்டரை ஒரு வொர்க்‌ஷாப்பில் கழுவக் கொடுத்தேன். பையன் தாராளமாக எண்ணெய் ஊற்றிக் கொடுத்திருக்கிறான். இரண்டு வாரத்தில் ஐடிலிங் தடுமாறியது, பிக்கப் விழுந்தது. மாஃப் சென்சாரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், தலைமுடியைவிட மெல்லிய அந்தக் கம்பியில் எண்ணெயும் தூசியும் சேர்ந்து பழுப்பாகப் படிந்திருந்தது. மாஃப் கிளீனர் ஸ்ப்ரே அடித்ததும் சரியாகிவிட்டது. அன்றிலிருந்து நான் உலர் ஃபில்டர் அல்லது கம்பெனி பேப்பர் ஃபில்டர், இரண்டில் ஒன்றுதான்.

மழையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் தண்ணீரில் ஸ்டார்ட் செய்து எஞ்சின் போன வண்டிகள் எத்தனை என்று மெக்கானிக்குகளைக் கேட்டால் தெரியும். தண்ணீரை அழுத்த முடியாது. பிஸ்டன் மேலே வரும்போது சிலிண்டரில் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடுதான் வளையும். ஃபில்டரைச் சக்கரத்துக்கு முன்னால், பம்பருக்குள் தாழ்வாக இறக்கும் கிட்டுகள் சில வண்டிகளுக்கு உண்டு. நம் ஊரில் அவை கூடவே கூடாது. மஸ்டாங் கிட்டுகள் பெரும்பாலும் பழைய பெட்டி இருந்த உயரத்திலேயே உட்காருவதால் அந்த அளவு பயமில்லை. ஆனாலும் வண்டியே தாழ்வான வண்டி. தேங்கிய தண்ணீரில் எதிரே பஸ் வந்தால் எழும் அலை கிரில் வரை வரும். மூடிய பெட்டியில் அடியில் ஒரு சின்ன வடிகால் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இன்சூரன்ஸில் எஞ்சின் சேதத்துக்கான எஞ்சின் புரொடெக்ட் சேர்த்திருக்கிறதா, இன்டேக்கை மாற்றியதை அவர்களிடம் தெரிவிக்க வேண்டுமா என்பதையும் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனையும் கேட்ட பிறகு தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அண்ணே, உண்மையைச் சொல்லணும்னா எனக்கு எச்பிகூட அவ்வளவு முக்கியமில்ல. அந்த சத்தம் வேணும்” என்றார். எனக்கு அந்தப் பதில் மிகவும் பிடித்திருந்தது. 4,000 ஆர்பிஎம்முக்கு மேலே அந்த வி8 காற்றை இழுக்கும் சத்தம் இருக்கிறதே, அதற்காகப் பணம் செலவழிப்பதில் தவறே இல்லை. தனக்கு வேண்டியது சத்தம் என்று தெரிந்தால் தேர்வு சுலபமாகிவிடுகிறது. சத்தத்தில் திறந்த கோனுக்குத்தான் முதல் இடம். மூடிய பெட்டி அதற்கு அடுத்தது, ஆனால் கம்பெனி பெட்டியைவிட நன்றாகவே கேட்கும். சூட்டையும் தூசியையும் சேர்த்துப் பார்த்தால் இந்த ஊருக்கு மூடிய பெட்டி, உலர் ஃபில்டர், ட்யூன் வேண்டாத வகை. இதுதான் என் தேர்வு. வேகம்தான் வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தால், கம்பெனி பெட்டியில் புது ஃபில்டர் போட்டு, கிட்டுக்கு வைத்திருந்த மொத்தப் பணத்தையும் நல்ல ட்யூனரிடம் கொடுக்கச் சொல்லியிருப்பேன். டயர் தேய்ந்திருந்தால் அதற்கும் முன்னால் டயர்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை சில. மாஃப் சென்சாரைப் பழைய குழாயிலிருந்து எடுத்துப் புதியதில் வைக்கும்போது கம்பியில் விரல் படக் கூடாது. சென்சாரில் காற்று போகும் திசைக்கு அம்புக்குறி இருந்தால் அதைப் பார்த்தே மாட்ட வேண்டும். எஞ்சினிலிருந்து வரும் பிரீதர் ஹோஸ் (எஞ்சினுக்குள் சேரும் ஆவியை வெளியே விடும் டியூப்) புதுக் குழாயில் இறுக்கமாக உட்கார வேண்டும். சவுண்ட் டியூபுக்கான வாய் கிட்டில் இல்லையென்றால் ஃபயர்வால் (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கும் தடுப்பு) பக்கம் இருக்கும் முனையையும் மூடி போட்டு அடைக்க வேண்டும். கிளாம்ப்களை முதல் நாள் இறுக்கி, நூறு கிலோமீட்டர் ஓட்டிய பிறகு ஒருமுறை திரும்ப இறுக்குங்கள். சூட்டில் சிலிக்கோன் இணைப்புகள் கொஞ்சம் தளரும். மாஃபுக்குப் பின்னால் எங்காவது காற்று கசிந்தால் அது அளக்கப்படாத காற்று, மறுபடியும் அதே லீன் கோடுதான்.

ஒரு வாரம் கழித்து ஓபிடியில் லாங் டெர்ம் ஃபியூயல் டிரிம்மை, அதாவது ஈசியூ பெட்ரோலை எவ்வளவு சதவீதம் கூட்டிக் குறைத்துச் சரிசெய்கிறது என்பதை, பாருங்கள். மாட்டுவதற்கு முன் எடுத்த எண்ணோடு ஒப்பிடுங்கள். ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. பத்தைத் தாண்டினால் ஓட்டுவதை நிறுத்திவிட்டு கசிவைத் தேடுங்கள்.

தம்பியின் பெட்டி போன சனிக்கிழமை வந்தது. இரண்டு மணி நேர வேலை. கழற்றிய கம்பெனி பெட்டியை, ஃபில்டர், ஸ்க்ரூ, ரப்பர் புஷ் ஒன்று விடாமல் ஒரு அட்டைப் பெட்டியில் போட்டு, மேலே கிலோமீட்டரையும் தேதியையும் எழுதி, பரணில் ஏற்றி வைத்தோம். கீழே இறங்கியதும் அவர் வண்டியை ஸ்டார்ட் செய்து ஒருமுறை மெல்ல மிதித்தார். பக்கத்து வீட்டுப் பாட்டி ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார்.